எந்த இடத்துல அவ முட்டாள்? – ஜூடி ஹாலிடேயின் எட்டுப் படங்கள்

எங்கள் சினிமா வாட்சப் குழுவில் கொஞ்ச நாளைக்கு முன்பு ஒரு விளையாட்டு ஓடியது. ஆளுக்கொரு பழைய ஹாலிவுட் நகைச்சுவை நடிகை. அவருடைய படங்களைக் கடைசியிலிருந்து முதல்வரை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுத வேண்டும். நான் ஜூடி ஹாலிடேயை எடுத்துக்கொண்டேன். பெரிய ரசனை ஒன்றும் காரணமில்லை, சோம்பேறித்தனம்தான். 1944இல் வந்துபோன சின்னச் சின்ன வேடங்களைத் தள்ளிவிட்டால் அவருக்கு மொத்தமே எட்டுப் படங்கள். ஒரு நீண்ட வார இறுதியில் பார்த்து முடித்துவிடலாம்.

பார்த்து முடித்தேன், பட்டியலும் போட்டேன். முதலிடம் 'போர்ன் யெஸ்டர்டே'. பக்கத்தில் என் ஒரு வரி: "முட்டாள் பெண்ணாக நடித்து ஆஸ்கர் வாங்கிய அறிவாளி." எழுதியதும் எனக்கே பிடித்துப்போனது. பத்துப் பேர் கைதட்டும் பொம்மையைப் போட்டார்கள். ஒரு தோழி மட்டும் மறுநாள் காலையில் கேட்டாள்: "எந்த இடத்துல அவ முட்டாள்னு நிமிஷக் கணக்கோட சொல்லேன் லா."

சொல்லிவிடலாம் என்றுதான் மறுபடி படத்தைப் போட்டேன். பேனாவும் தாளும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். படம் முடிந்தபோது தாளில் ஒரு நிமிடக் கணக்குகூட இல்லை. அந்தப் பட்டியலை அழித்துவிட்டு எட்டுப் படங்களையும் மறுபடி பார்த்தேன். இந்தக் கட்டுரை இரண்டாவது பட்டியல்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. ஜூடி ஹாலிடே 1921இல் நியூயார்க்கில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். இயற்பெயர் ஜூடித் டூவிம். ஹீப்ரூவில் பண்டிகை நாளைக் குறிக்கும் சொல்லோடு உறவுள்ள குடும்பப் பெயர் அது. ஹாலிடே என்பது அதன் விளையாட்டான மொழிபெயர்ப்பு. பெட்டி காம்டன், அடால்ஃப் கிரீன் ஆகியோரோடு 'தி ரெவ்யூவர்ஸ்' என்ற குழுவில் சேர்ந்து, வில்லேஜ் வேங்கார்ட் என்ற இரவு விடுதியில் கிண்டல் நாடகங்கள் போட்டவர். அந்தக் குழு தங்களுக்கான நாடகங்களைத் தாங்களே எழுதியது. மார்பகப் புற்றுநோயால் 1965 ஜூன் 7ஆம் தேதி இறந்தார். அப்போது வயது 43.

அவரைப் பற்றி எழுதுகிற எல்லாரும் தவறாமல் சொல்கிற எண் ஒன்று உண்டு: 172. சிறு வயதில் எடுத்த அறிவுத்திறன் தேர்வில் அவர் வாங்கியதாகச் சொல்லப்படும் மதிப்பெண். எனக்கு அந்த எண்ணைப் பார்த்தாலே எரிச்சல். நகைச்சுவை நடிகர் எவருக்காவது இப்படிச் சான்றிதழ் இணைத்துக் கட்டுரை எழுதுகிறோமா? திரையில் அந்த அம்மா யோசிப்பது கண்ணுக்குத் தெரிகிறது. தெரியாதவர்களுக்குத்தான் 172 தேவைப்படுகிறது. என் முதல் பட்டியலின் ஒரு வரியிலும் அந்த 172தான் ஒளிந்திருந்தது என்பது பிறகு உறைத்தது.

அதனால் இந்த முறை எந்தப் படம் அதிகம் சிரிக்கவைத்தது என்று பார்க்கவில்லை. அவள் யோசிப்பதை எந்தப் படம் நம்புகிறது, எந்தப் படம் வெறும் வேடிக்கையாக விற்கிறது என்று பார்த்தேன். நியாயமான அளவுகோலா என்று கேட்டால் தெரியாது. எனக்குத் தேவைப்பட்ட அளவுகோல் இது.

கடைசி இடத்தில் 'ஃபுல் ஆஃப் லைஃப்' (1956). ஜான் ஃபாண்டேயின் நாவலை அவரே திரைக்கதையாக எழுதினார். நிறைமாதக் கர்ப்பிணி மனைவி, எழுத்தாளக் கணவன். கறையான் அரித்த சமையலறைத் தரை ஒருநாள் அவள் காலடியில் பொத்துக்கொள்கிறது. சரிசெய்வதற்காகக் கொத்தனாரான மாமனாரை அழைத்துவருகிறார்கள். மாமனாராக வரும் சால்வடோர் பாக்கலோனி நிஜத்தில் ஓபரா பாடகர். மனுஷன் குரலாலும் தொப்பையாலும் படத்தையே தூக்கிக்கொண்டு போய்விடுகிறார். ஜூடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு புன்னகைக்கிறார். அன்பான படம்தான், குறை சொல்ல மனம் வராது. ஆனால் அவருக்கு அதில் வேலை இல்லை.

ஏழாவது இடத்தில் இருக்கும் படத்தின் பெயரைத் தமிழில் எழுதவே முடியவில்லை. 'ப்ஃப்ஃப்ட்' (1954). திருமணம் முறிவதைக் குறிக்க அமெரிக்கக் கிசுகிசுப் பத்திகளில் புழங்கிய ஓசை. நம் ஊரில் 'புஸ்' என்று வைத்திருப்பார்கள். விவாகரத்தான ஜோடி, இனி சுதந்திரம் என்று கிளம்பி, சுதந்திரத்தை வைத்து என்ன செய்வது என்று தெரியாமல் விழிக்கிற கதை. ஜாக் லெமன் கணவன். நடன விடுதியில் ஆளுக்கொரு துணையோடு வந்தவர்கள் மாம்போ ஆட்டத்தின் நடுவே தற்செயலாக எதிரெதிரே வந்துவிடுகிறார்கள். ஆட்டத்தை நிறுத்தினால் தோற்றதாகிவிடும் என்று இருவருமே நிறுத்த மறுக்கிறார்கள். அந்தச் சில நிமிடங்களுக்காக இது எட்டாவது இடத்திலிருந்து தப்பித்தது.

'தி சாலிட் கோல்ட் கேடிலாக்' (1956) ஆறாவது. பெரிய நிறுவனத்தில் பத்தே பத்துப் பங்குகள் வைத்திருக்கும் லாரா பார்ட்ரிட்ஜ், பங்குதாரர் கூட்டத்தில் கை தூக்கிக் கேள்வி கேட்கிறாள். தலைவருக்கு எவ்வளவு சம்பளம்? அதற்கு அவர் என்ன வேலை செய்கிறார்? குழந்தை கேட்கிற மாதிரியான கேள்விகள். பதில் சொல்ல முடியாமல் மேடை நெளிகிறது. அவள் வாயை அடைக்க, சிறு பங்குதாரர்களோடு தொடர்பு வைத்துக்கொள்ளும் பொறுப்பு என்று ஒரு வெட்டிப் பதவியை உருவாக்கி உட்காரவைக்கிறார்கள். அவள் அதை நிஜ வேலையாகவே எடுத்துக்கொண்டு ஊர் ஊராக இருக்கும் சிறு பங்குதாரர்களுக்குக் கடிதம் எழுதத் தொடங்குகிறாள். பிற்பாடு அந்தக் கடிதங்கள்தான் இயக்குநர் குழுவைக் கவிழ்க்கின்றன.

கதையளவில் எனக்கு மிகவும் பிடித்தது. பிறகு ஏன் ஆறாவது? மேடையில் இது ஜோசஃபின் ஹல் என்ற மூத்த நடிகை செய்த வேடம். வயதான ஒரு பெண்மணி முதலாளிகளை அசடு வழியவைக்கும் நாடகம். ஜூடிக்காக வயதைக் குறைத்தார்கள், குறைத்ததும் காதல் ஒன்றைச் சேர்த்தார்கள். அந்தக் காதல் வந்த பிறகு அவள் கேள்விகளின் கூர்மை பாதியாகிவிடுகிறது. கடைசிக் காட்சியில் மட்டும் கறுப்பு வெள்ளைப் படம் வண்ணத்துக்கு மாறி, தங்கக் கார் ஒன்று ஜொலிக்கிறது. எனக்கு அந்தக் கார் வேண்டாம், முதல் கூட்டத்தில் தூக்கிய அந்தக் கை போதும்.

ஐந்தாவது 'இட் ஷுட் ஹேப்பன் டு யூ' (1954). இன்றைக்கு எடுத்ததுபோலவே இருக்கும் படம் இதுதான். கிளாடிஸ் குளோவர் என்ற பெண் சின்ன ஊரிலிருந்து நியூயார்க்குக்கு வருகிறாள். இடுப்பளவு கொஞ்சம் கூடிவிட்டது என்று மாடல் வேலை போய்விடுகிறது. கையில் ஆயிரம் டாலர் சேமிப்பு. கொலம்பஸ் சர்க்கிளில் காலியாக நிற்கும் பெரிய விளம்பரப் பலகையைப் பார்க்கிறாள். அதை வாடகைக்கு எடுத்து, தன் பெயரை மட்டும் எழுதவைக்கிறாள். விற்க எதுவும் இல்லை, சொல்லவும் எதுவும் இல்லை. பெயர் மட்டும். அந்தப் பலகை தங்களுக்கு வேண்டுமென்று ஒரு சோப்பு நிறுவனம் வந்து நிற்க, அவள் பேரம் பேசி அதைக் கொடுத்துவிட்டு நகரம் முழுக்கப் பல பலகைகளை வாங்கிக்கொள்கிறாள். கடை ஒன்றில் தன் பெயரைச் சொன்னதும் கூட்டம் கூடிக் கையெழுத்துக் கேட்கிறது. எதற்காகப் பிரபலம் என்று யாருக்கும் தெரியாது, யாரும் கேட்கவும் இல்லை.

இன்ஸ்டாகிராமுக்கும் டிக்டாக்குக்கும் அரை நூற்றாண்டு முன்னால் எழுதிய கதை என்று சொல்லி இந்தப் படத்தை எல்லாரும் பாராட்டுவார்கள். நானும் முதலில் அப்படித்தான் பாராட்டினேன். மறுமுறை பார்க்கும்போது வேறு ஒன்று உறுத்தியது. ஜாக் லெமனுக்குக் கிட்டத்தட்ட அறிமுகம் என்று சொல்லத்தக்க படம் இது. ஆவணப்படம் எடுக்கும் பீட் என்ற பாத்திரம். அவன் தொடக்கத்திலிருந்தே கிளாடிஸுக்கு உபதேசம் செய்கிறான். கூட்டத்தில் ஒருத்தியாக இருப்பது ஏன் உனக்குப் போதவில்லை என்கிறான். படம் அவன் பக்கம் நிற்கிறது. ஆனால் பீட் கையிலும் ஒரு காமிரா இருக்கிறது. அவன் படத்துக்கு அவன் பெயர் போட்டுக்கொள்வான்தானே? அவளுக்கு மட்டும் அது ஏன் அற்ப ஆசை?

இந்தக் கேள்வியைப் படம் கேட்கவில்லை, ஜூடியின் முகம் கேட்கிறது. தன் பெயர் எழுதிய பலகையை முதன்முதலாக அண்ணாந்து பார்க்கும் காட்சியில் கர்வம் துளியும் தெரியாது. பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டில் தன் பெயர் சரியாக வாசிக்கப்பட்ட குழந்தையின் நிம்மதி அது. முடிவில் பீட்டோடு காரில் போகும்போது வழியில் ஒரு காலிப் பலகை தெரிகிறது. அவள் பார்வை அதிலேயே நிற்கிறது. இயக்குநர் ஜார்ஜ் கியூக்கரும் எழுதிய கார்சன் கேனினும் அதைச் சிரிப்புக்காகத்தான் வைத்திருப்பார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான்காவது இடத்தில் என் சொந்தக் கதை கொஞ்சம் கலக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். படிப்பு முடிந்ததும் பெட்டாலிங் ஜெயாவில் ஓர் அழைப்பு மையத்தில் இரண்டு வருடம் தொலைபேசி எடுத்தேன். என் பெயர் வாடிக்கையாளர்களுக்குக் கஷ்டமாம். அதனால் 'ஜெனி' என்று ஒரு பெயர் கொடுத்தார்கள். ஜெனிக்கென்று ஒரு குரல், ஒரு சிரிப்பு, அழுகிறவர்களிடம் சொல்வதற்கு மூன்று வாக்கியங்கள். வேலையை விட்டபிறகும் கொஞ்ச நாள் வீட்டில் யாராவது கூப்பிட்டால் ஜெனிதான் பதில் சொன்னாள்.

'பெல்ஸ் ஆர் ரிங்கிங்' (1960) ஜூடியின் கடைசிப் படம். பழைய கூட்டாளிகளான காம்டனும் கிரீனும் அவருக்காகவே எழுதிய மேடை இசை நாடகம். மேடையில் அந்த வேடத்துக்கு அவருக்கு டோனி விருது கிடைத்தது. போட்டியில் 'மை ஃபேர் லேடி'யின் ஜூலி ஆண்ட்ரூஸ் இருந்தார். வின்சென்ட் மினெல்லி இயக்கிய படத்தில் எல்லா என்ற பெண், மற்றவர்களுக்காகத் தொலைபேசி எடுத்துத் தகவல் குறித்துவைக்கும் நிலையத்தில் வேலை செய்கிறாள். வாடிக்கையாளருக்கு ஏற்றபடி குரலை மாற்றிக்கொள்வாள். சாப்பிட மறுக்கும் சிறுவனுக்கு அவள் சாண்டா கிளாஸ். எழுத முடியாமல் தவிக்கும் நாடக ஆசிரியனுக்கு அவள் வயதான 'அம்மா'. அந்த நாடக ஆசிரியனை, டீன் மார்ட்டினை, முகம் பார்க்காமலே காதலிக்கத் தொடங்கிவிடுகிறாள்.

படம் நீளம், மார்ட்டின் சில இடங்களில் தூக்கக் கலக்கத்தில் நடிப்பதுபோல இருக்கும். குதிரைப் பந்தயச் சூதாட்டத்தை இசைத்தட்டு ஆர்டர் மாதிரி மறைத்து நடத்தும் கிளைக்கதையும் உண்டு. பீத்தோவன் என்றால் இன்ன பந்தயத் திடல் என்று சங்கேதம். அது நன்றாகவே இருக்கிறது. ஆனால் நான் இந்தப் படத்தை மேலே தூக்கியது ஒரே காரணத்துக்காக. ஜூடியின் திரைக்குரல், அந்த மெல்லிய மூக்குக் குரல், அவர் செய்துவைத்திருந்த ஒன்று என்பதை அவருடைய படங்களிலேயே வெளிப்படையாக ஒப்புக்கொள்வது இதுதான். எட்டுப் பத்துக் குரல்களில் பேசுகிற பெண்ணுக்குத் தன் சொந்தக் குரலில் பேச மட்டும் பயம். விருந்து முடிந்துபோனதைப் பற்றி அவர் தனியாக நின்று பாடும் பாட்டில் வேடமெல்லாம் கழன்று, கொஞ்சம் தாழ்ந்த, களைத்த குரல் ஒன்று வெளியே வருகிறது. ஜெனியாக இருந்தவர்களுக்கு அது புரியும்.

மூன்றாவது இடத்துக்கு வருகிறேன். 'ஆடம்ஸ் ரிப்' (1949) ஸ்பென்சர் டிரேசி, கேத்தரின் ஹெப்பர்ன் படம். ஜூடி துணை வேடம்தான். ஒரு பட்டியலில் துணை வேடத்துக்கு மூன்றாமிடம் கொடுக்கலாமா என்று குழுவில் சண்டை வந்தது. கொடுக்கலாம். கணவனையும் அவன் காதலியையும் பின்தொடர்ந்துபோய்ச் சுடும் டோரிஸ், சுடுவதற்கு முன் துப்பாக்கியோடு வந்த வழிமுறைக் குறிப்பை எடுத்து வாசிக்கிறாள். இதைவிடக் கவனமான கொலை முயற்சியை நான் பார்த்ததில்லை.

பிறகு வருவதுதான் பெரிய காட்சி. வழக்கறிஞர் ஹெப்பர்ன் சிறையில் அவளைச் சந்தித்து நடந்ததைக் கேட்கிறார். காமிரா ஒரே இடத்தில் நிற்கிறது. வெட்டே இல்லாமல் நிமிடக்கணக்கில் ஓடுகிறது. சந்தைக்குப் போய் வந்த கதையைச் சொல்வதுபோல டோரிஸ் அந்த நாளை வரிசையாகச் சொல்கிறாள். ஹெப்பர்ன் கேட்டுக்கொண்டிருக்கிறார், காட்சி முழுக்க ஜூடியுடையது. இதில் ஒரு சதி உண்டு, நல்ல சதி. 'போர்ன் யெஸ்டர்டே' நாடகத்தை பிராட்வேயில் 1946லிருந்து தூக்கி நிறுத்தியவர் ஜூடி. ஆனால் படமெடுக்க உரிமை வாங்கிய கொலம்பியாவின் ஹாரி கோன் அவரை வேண்டாம் என்றார். அவர் மனதை மாற்றுவதற்காகவே கேனின், ரூத் கார்டன், கியூக்கர், ஹெப்பர்ன் எல்லாரும் சேர்ந்து இந்தப் படத்தில் ஜூடிக்கு இடம் விட்டுக்கொடுத்தார்கள். ஒரு நட்சத்திரம் சக நடிகைக்காகத் தன் காட்சியைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பதை அந்த ஒரே ஷாட்டில் கண்ணால் பார்க்கலாம்.

இனி 'போர்ன் யெஸ்டர்டே' (1950). இதை முதலிடத்திலிருந்து இறக்கியதற்குக் காரணம் சொல்ல வேண்டும்.

பழைய இரும்பு வியாபாரத்தில் கொழுத்த ஹாரி பிராக், காங்கிரஸ் உறுப்பினர் ஒருவரை விலைக்கு வாங்க வாஷிங்டன் வருகிறான். கூடவே பில்லி டான், அவன் வைத்துக்கொண்டிருக்கும் பெண். பெரிய மனிதர்கள் நடுவே அவள் பேசினால் மானம் போகிறதென்று, அவளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க பால் என்ற பத்திரிகையாளனைச் சம்பளத்துக்கு வைக்கிறான். பால் அவளுக்குப் புத்தகம் கொடுக்கிறான், நினைவுச் சின்னங்களைச் சுற்றிக்காட்டுகிறான். அவள் கண்ணாடி போட்டுக்கொண்டு அகராதியைப் புரட்டி, பிராக்கின் மோசடியைப் புரிந்துகொண்டு எதிர்த்து நிற்கிறாள். முட்டாள் பெண்ணை ஓர் ஆண் அறிவாளியாக்கிய கதை. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

ஆனால் பாடம் எதுவும் தொடங்குவதற்கு முன்னால், படத்தின் ஆரம்பப் பகுதியில், பில்லியும் பிராக்கும் ஜின் ரம்மி ஆடுகிறார்கள். பேச்சே கிட்டத்தட்டக் கிடையாது. அவள் சீட்டுகளைப் பிரித்து, அடுக்கி, மறுபடி மாற்றி அடுக்குகிறாள். வாய்க்குள் ஏதோ ஒரு மெட்டை முனகுகிறாள். எதிரே ஊரையே மிரட்டுகிற மனுஷன் வியர்க்கிறான். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் 'ஜின்' என்கிறாள். மறுபடி ஆடுகிறார்கள், மறுபடி 'ஜின்'. தோற்ற பணத்தைக் கணக்குப் பார்த்து வாங்கிக்கொள்கிறாள். எதை இறக்கினால் எதிராளி எதை எடுப்பான் என்று அந்த நெற்றிக்குப் பின்னால் கணக்கு ஓடுவது அப்பட்டமாகத் தெரிகிறது. பால் இன்னும் ஒரு புத்தகத்தையும் நீட்டவில்லை. அவள் ஏற்கெனவே ஜெயித்துக்கொண்டிருக்கிறாள்.

அதாவது, படத்தின் கதை ஒன்று சொல்கிறது, ஜூடி அதற்கு எதிராகச் சாட்சி சொல்கிறார். பில்லிக்குத் தெரியாமல் இருந்தது சொற்கள். யோசிக்கத் தெரியாமல் இருந்ததே இல்லை. கடைசியில் பிராக் தன் சொத்துகளை வரிக்காகவும் வழக்குக்காகவும் அவள் பெயரில் எழுதிவைத்தது அவனுக்கே தூக்குக் கயிறாகிறது. ஒழுங்காக நடந்துகொண்டால் ஆண்டுக்கு ஒன்றாகத் திருப்பித் தருவேன் என்கிறாள். சீட்டு ஆடியவளின் மூளைதான் அது, கண்ணாடி போட்டவளுடையது இல்லை. இருந்தும் படம் பெருமையைப் பாலுக்கும் புத்தகங்களுக்கும் கொடுக்கிறது. அதனால் இரண்டாமிடம்.

இந்தப் படத்துக்குத்தான் ஆஸ்கர். அந்த ஆண்டு தோற்றவர்களில் 'சன்செட் பூலவார்ட்' குளோரியா ஸ்வான்சனும் 'ஆல் அபவுட் ஈவ்' பெட்டி டேவிஸும் உண்டு. அநியாயம் என்று இன்றுவரை முணுமுணுக்கிறார்கள். நகைச்சுவை என்றால் இலேசு என்ற நினைப்புதான். அந்த ரம்மிக் காட்சியை ஒருமுறை வசனமில்லாமல் நடித்துப் பார்க்கட்டும்.

பில்லி டான் ஜூடியை இன்னோர் இடத்திலும் காப்பாற்றினாள். 1950இல் 'ரெட் சேனல்ஸ்' என்ற கையேடு, கம்யூனிஸ்ட் அனுதாபிகள் என்று கலைஞர்கள் பெயர்களைப் பட்டியலிட்டது. ஜூடி பெயரும் அதில் இருந்தது. 1952 மார்ச்சில் செனட்டின் உள்நாட்டுப் பாதுகாப்புத் துணைக்குழு அவரை அழைத்து விசாரித்தது. எத்தனையோ பேர் அங்கே நண்பர்களைக் காட்டிக்கொடுத்தார்கள், மறுத்தவர்கள் வேலை இழந்தார்கள். ஜூடி பில்லி டானாகப் பதில் சொன்னார். யாரோ கேட்டார்கள், நல்ல காரியம் என்றார்கள், கையெழுத்துப் போட்டேன், எனக்கு என்ன தெரியும் என்ற தோரணை. செனட்டர்கள் ஒருவர் பெயரைக்கூட அவரிடமிருந்து வாங்க முடியவில்லை.

இதை முதலில் படித்தபோது தைப்பிங்கில் இருந்த என் அத்தை ஞாபகத்துக்கு வந்தார். இருபது பெண்களின் சீட்டுப் பணக் கணக்கை ஒரு தாளும் இல்லாமல் தலையில் வைத்திருந்தவர். சந்தையில் மூன்று மொழியில் பேரம் பேசுவார். அரசாங்க முகப்பில் போய் நின்றால் மட்டும் அவருக்கு மலாய் மறந்துவிடும். கண்ணைச் சிமிட்டிக்கொண்டு நிற்பார். அதிகாரி பரிதாபப்பட்டு, பாரத்தைத் தானே நிரப்பிக் கொடுத்து, வரிசையிலும் முன்னால் விடுவார். பதினைந்து வயதில் பக்கத்தில் நின்ற எனக்கு அவமானமாக இருக்கும். வெளியே வந்ததும் "ஏன்த்த இப்படி நடிக்கிறீங்க?" என்று சண்டை போட்டேன். "காரியம் ஆச்சா இல்லியா?" என்று கேட்டுவிட்டு ஐஸ் கச்சாங் வாங்கிக் கொடுத்தார்.

ஜூடிக்கும் காரியம் ஆனது. முழுமையாக ஆகவில்லை. வானொலி, தொலைக்காட்சிக் கதவுகள் கொஞ்ச காலம் மூடியே இருந்தன. அதைவிட, எந்த முகமூடி அவரைக் காப்பாற்றியதோ அதையே ஹாலிவுட் அவரிடம் திரும்பத் திரும்பக் கேட்டது. மேலே சொன்ன 1954, 1956 படங்களையெல்லாம் பாருங்கள், ஒன்றும் தெரியாத பெண் என்றுதான் ஒவ்வொன்றும் தொடங்கும். விசாரணைக் குழு ஏமாந்தது, சரி. எழுபது வருடம் கழித்து வாட்சப்பில் நான் ஏமாந்ததற்கு என்ன சாக்கு?

விசாரணை நடந்த அதே 1952இல் வந்தது 'தி மேரியிங் கைண்ட்'. எட்டில் குறைவாகப் பேசப்படுவதும் இதுதான், என் பட்டியலில் முதலாவதும் இதுதான். ரூத் கார்டனும் கார்சன் கேனினும் எழுத, கியூக்கர் இயக்கினார். ஃப்ளோரன்ஸ் கீஃபர், செட் கீஃபர். அவன் தபால் நிலைய ஊழியன், கரகரத்த குரலோடு ஆல்டோ ரே. விவாகரத்துக் கேட்டு வந்திருக்கிறார்கள். பெண் நீதிபதி ஒருவர், நீதிமன்ற நேரம் முடிந்த பிறகு இருவரையும் உட்காரவைத்து, முதலிலிருந்து கதையைச் சொல்லுங்கள் என்கிறார்.

இந்தப் பெண்ணுக்கு அசட்டுத்தனம் என்ற முத்திரையே கிடையாது. அதே மூக்குக் குரல்தான், அதே தடுமாற்றம்தான். ஆனால் கணவனும் அவளுக்குச் சரிசமமாகத் தடுமாறுகிறான். இருவர் சொல்வதற்கும் திரையில் காட்டப்படுவதற்கும் இடையே அடிக்கடி பொருந்தாது. குரல் ஒரு மாதிரி நினைவுகூர, படம் வேறு மாதிரி ஓடும். சண்டைகள் எல்லாம் பணச் சண்டைகள். வானொலிப் போட்டியில் கைநழுவிய பரிசு, அவளுடைய பழைய முதலாளி உயிலில் எழுதிவைத்துவிட்டுப்போன தொகை, அதனால் கணவனுக்கு வரும் சந்தேகம். நம் வீடுகளில் கதவைச் சாத்திக்கொண்டு நடக்கிற சண்டைகள். அவள் பேச்சில் சிரிப்பு வருகிற இடங்களில் எல்லாம் அவள் ஒரு விஷயத்தைச் சரியாகச் சொல்லிவிடத்தான் முயன்றுகொண்டிருக்கிறாள். சொல் கிடைப்பதில்லை, திரும்பவும் முயல்கிறாள். அதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

பிறகு அந்த விடுமுறை நாள். குடும்பமாக ஏரிக்கரைக்குச் சுற்றுலா வருகிறார்கள். பிள்ளைகள் தண்ணீர்ப் பக்கம் போயிருக்கிறார்கள். ஃப்ளோரன்ஸ் விரிப்பில் உட்கார்ந்து உகுலேலேயை மீட்டிக்கொண்டு ஒரு பாட்டைப் பாடுகிறாள். நன்றாகவே பாடுகிறாள், கொஞ்சம் கோமாளித்தனத்தோடு, கணவனைச் சிரிக்கவைப்பதற்காக. நாமும் சிரிக்கிறோம், ஜூடி ஹாலிடே படத்துக்கு அதற்காகத்தானே வந்திருக்கிறோம். அவளுக்குப் பின்னால் ஆட்கள் ஓடத் தொடங்குகிறார்கள். அவள் கவனிக்கவில்லை. காமிரா அவள் மேலேயே நிற்கிறது. பாட்டு தொடர்கிறது. இன்னும் சிலர் ஓடுகிறார்கள். மூழ்கியது அவர்களுடைய மகன் ஜோயி.

இரண்டாவது முறை பார்க்கும்போது அந்த ஓட்டத்தை நான் முன்கூட்டியே எதிர்பார்த்திருந்தேன். அப்படியும் பாட்டின் முதல் வரியில் சிரித்துவிட்டேன். காட்சி மறுபடி நீதிபதி அறைக்கு வரும்போது அவள் அழுதுகொண்டிருக்கிறாள். நீதிபதி எதுவும் பேசாமல் காத்திருக்கிறார்.

தோழிக்குப் புதிய பட்டியலை அனுப்பினேன். முதலிடத்துக்கு எதிரே இந்த முறை ஒரு வரி எழுதவில்லை. "இது படம் பாக்கவே இல்ல, லிங்க் இருந்தா அனுப்பு" என்றாள். அனுப்பியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.